பல கோர்கள், சில டிரான்ஸ்மிட் கியூக்கள்: எக்ஸ்டிபி டிரைவர் எழுதுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு போர்ட் வைத்த, மின்விசிறி இல்லாத மினி பிசிகள் சுலபமாகக் கிடைக்கின்றன. உள்ளே இன்டெல்லின் ஐ225 அல்லது ஐ226 சிப் இருக்கும், போர்ட்டுக்கு 2.5 கிகாபிட். அலுவலக ஃபயர்வாலுக்கும் சரி, ஏரியாவில் இன்டர்நெட் இணைப்பு கொடுப்பவரின் ரூட்டருக்கும் சரி, நல்ல பெட்டி. ஆனால் எட்டு கோர் உள்ள மாடலை வாங்கி அதில் எக்ஸ்டிபி (லினக்ஸில் பேக்கெட்டுகளை டிரைவருக்குள்ளேயே கையாளும் முறை) நிரலை ஏற்றினால் ஒரு கணக்கு உதைக்கும். கோர் எட்டு, அந்தச் சிப் தரும் டிரான்ஸ்மிட் கியூ (அனுப்ப வேண்டிய பேக்கெட்டுகளின் வரிசை) நான்குதான், கோர்கள் அதைப் பகிர்ந்தாக வேண்டும்.

எக்ஸ்டிபி 2016-ல் லினக்ஸ் 4.8-உடன் வந்தது. பேக்கெட் கைக்கு வந்ததுமே, எஸ்கேபி (ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் லினக்ஸ் வைக்கும் கட்டமைப்பு) உருவாகும் முன்பே, டிரைவருக்குள் பிபிஎஃப் நிரல் (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்) ஓடி முடிவைச் சொல்லிவிடும்: தூக்கிப் போடு, மேலே விடு, வந்த போர்ட்டிலேயே திருப்பி அனுப்பு. வேறொரு போர்ட்டுக்கு மாற்றிவிடும் ரீடைரக்ட் 2017-ல், 4.14-ல் சேர்ந்தது. கடைசி இரண்டு முடிவுகளும் டிரான்ஸ்மிட் கியூவைத் தொடுபவை. எல்லாச் சிக்கலும் அங்கேதான்.

நேரக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 64 பைட் பேக்கெட் கம்பியில் இடைவெளியெல்லாம் சேர்த்து 84 பைட் இடம் பிடிக்கும். 2.5 கிகாபிட்டில் நொடிக்கு 37 லட்சம் பேக்கெட்டுக்கு மேல் வரும், ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 269 நானோநொடி. 10 கிகாபிட்டில் அது 67.2 நானோநொடியாகச் சுருங்கிவிடும். பேக்கெட்டுக்கு ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு), ஒரு டோர்பெல் (புது வேலை வந்ததைக் கார்டுக்குச் சொல்லும் எழுத்து) என்று எழுதினால் இந்த நேரம் எங்கே போனது என்றே தெரியாது.

கியூவைப் பகிர்வது என்றதும் பலரும் லாக் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். லாக் இருப்பதிலேயே எளிய பகுதி. ஒரு டிரான்ஸ்மிட் கியூவுக்கு நெட்வொர்க் ஸ்டாக்குடன் (கெர்னலின் வழக்கமான நெட்வொர்க் பகுதி) இன்னும் பல ஒப்பந்தங்கள் உண்டு: எப்போது நிறுத்துவது, எப்போது எழுப்புவது, வாட்ச்டாக் (கியூ தொங்கிப்போனதா என்று கண்காணிக்கும் கெர்னல் பகுதி) எதைப் பார்க்கிறது, பைட் கணக்கை யார் எழுதுகிறார், மெமரியை யார் திருப்பித் தருகிறார். எக்ஸ்டிபி அந்தக் கியூவுக்குள் நுழைந்ததும் இவை எல்லாவற்றிலும் அதுவும் ஒரு தரப்பாகிவிடுகிறது.

படி 1: யார் யார் இந்தக் கியூவில் எழுதுகிறார்கள்?

எத்டூலில் (கார்டின் அமைப்பைக் காட்டும் கட்டளை) சேனல், அதாவது கியூ எண்ணிக்கையைப் பாருங்கள், கோர் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: வழக்கமான ஸ்டாக், வந்த போர்ட்டிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டிபி, வேறு போர்ட்டிலிருந்து ரீடைரக்ட் ஆகி வரும் ஃபிரேம்கள், ஏஎஃப் எக்ஸ்டிபி ஜீரோ காப்பி (பயனர் நிரலும் கார்டும் நகலெடுக்காமல் பேக்கெட்டைக் கைமாற்றும் வழி) இருந்தால் அதுவும். இதில் ரீடைரக்ட்டைத்தான் மறந்துவிடுவோம். அது உங்கள் நாப்பிக்குள்ளிருந்து (பேக்கெட்டுகளைச் சுற்றுச் சுற்றாக எடுத்துக் கையாளும் கெர்னல் முறை) வருவதில்லை. வேறொரு கார்டின் நாப்பி, வேறொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் டிரைவரின் கதவைத் தட்டும்.

இனி மூன்று வழிகள். கியூ தாராளமாக இருந்தால் ஒவ்வொரு கோருக்கும் எக்ஸ்டிபிக்கென்றே தனிக் கியூ. அப்போது லாக் தேவையில்லை. கியூ போதாமல் போனால் எக்ஸ்டிபிக்கு மட்டும் சில கியூக்களை ஒதுக்கி, கோர்கள் லாக் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கும் வழியில்லை என்றால் ஸ்டாக் பயன்படுத்தும் கியூவையே எக்ஸ்டிபியும் பயன்படுத்தும். ஐ225, ஐ226 ஓட்டும் ஐஜிசி டிரைவரும், அதன் உறவான ஐஜிபியும் இந்த மூன்றாவது வழியில்தான் போகின்றன.

இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம் இன்டெல்லின் 10 கிகாபிட் கார்டுகளுக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர். கோருக்கு ஒரு கியூ என்ற விதியைப் பிடித்துக்கொண்டிருந்ததால், 64 கோருக்கு மேல் உள்ள சர்வரில் அது எக்ஸ்டிபியை ஏற்கவே மறுத்தது. 2021-ல் லாக் போட்டுப் பகிரும் வழி சேர்க்கப்பட்டது. அந்த லாக் ஒரு ஸ்டேட்டிக் கீக்குப் (கெர்னல் ஓடும்போதே கோடை மாற்றும் சுவிட்ச்) பின்னால் இருக்கிறது. கியூ போதுமான எந்திரங்களில் அந்த இடம் எதுவும் செய்யாத வெறும் நோ-ஆப் ஆகிவிடுவதால், தேவையில்லாதவர்கள் அதற்கு விலை கொடுப்பதில்லை. நீங்கள் எழுதும் டிரைவரிலும் இதையே செய்யுங்கள்.

மெய்நிகர் எந்திரத்தில் வேலை செய்பவர்களுக்கு விர்ட்டியோ டிரைவரும் இதையே சொல்லும். கோர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் கியூ கிடைக்காவிட்டால், லாக் போட்ட மெதுவான முறையில் ஓடப்போகிறேன் என்று கெர்னல் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதிவிட்டுத் தொடரும். கிளவுடில் எக்ஸ்டிபி ஏன் மந்தமாக இருக்கிறது என்று தேடுவதற்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: எந்தக் கோருக்கு எந்தக் கியூ

கோர் எண்ணைக் கியூ எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுங்கள். போதும். நாப்பி சாஃப்ட் ஐஆர்கியூவில் (இன்டரப்டுக்குப் பின் கெர்னல் செய்யும் தள்ளிவைத்த வேலை) ஓடுவதால் வேலையின் நடுவில் கோர் மாறாது, எண் நிலையாக இருக்கும்.

நான்கு கியூ, எட்டு கோர் என்றால் கோர் 1-ம் கோர் 5-ம் ஒரே கியூவில் மோதும். ரிசீவ் இன்டரப்டுகளை நான்கு கோர்களுக்குள் வைத்து, அந்த நான்கும் வெவ்வேறு மீதி தருமாறு பார்த்துக்கொண்டால் எக்ஸ்டிபிக்குள் மோதலே இருக்காது. ஸ்டாக்கின் பயன்பாட்டையும் எக்ஸ்பிஎஸ் (எந்தக் கோர் எந்தக் கியூவில் அனுப்பும் என்று குறிப்பது) அமைப்பால் ஒரு கியூவுக்குத் தள்ளிவிடலாம். ஒரு வரி கோடு மாற்றாமல் கிடைக்கும் லாபம் இது. இதைச் செய்யாமல் லாக்கைச் செதுக்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

படி 3: எந்த லாக், எவ்வளவு நேரம்

ஸ்டாக்குடன் பகிர்ந்தால் ஸ்டாக்கின் டிரான்ஸ்மிட் லாக்கையே எடுங்கள். உங்கள் டிரைவரின் அனுப்பும் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஸ்டாக் அதை ஏற்கெனவே பிடித்திருக்கும். நீங்கள் புதிதாக ஒரு லாக் உருவாக்கினால் ஸ்டாக் பேக்கெட் ஒவ்வொன்றும் இரண்டு லாக்கைத் தாண்ட வேண்டியிருக்கும். எக்ஸ்டிபிக்கு மட்டுமான கியூ என்றால் ரிங்குக்குள்ளேயே (கார்டுக்கான வேலைகளை எழுதும் வட்டப் பட்டியல்) ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை கோர் சுற்றிக் காத்திருக்கும் லாக்) போதும். இரண்டு இடத்திலும் இன்டரப்டை அணைக்க வேண்டாம். இரு தரப்பும் பாட்டம் ஹாஃப் (சாஃப்ட் ஐஆர்கியூ வேலைகள்) அணைந்த நிலையில்தான் வருகின்றன.

ஒரே ஒரு கண்டிப்பான விதி: இந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு பிபிஎஃப் நிரலை ஓட்டக் கூடாது, ரீடைரக்ட் ஃபிளஷையும் (சேர்த்துவைத்த ஃபிரேம்களை அனுப்பிவிடுவது) கூப்பிடக் கூடாது. நாப்பி சுற்று முழுவதும் ஒரே முறை லாக் எடுத்தால் வேகமாக இருக்குமே என்று தோன்றும். சரி, அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் கார்டு தன் லாக்கைப் பிடித்தபடி இரண்டாவது கார்டுக்கு ரீடைரக்ட் செய்கிறது. அதே நொடியில் இன்னொரு கோரில் இரண்டாவது கார்டு தன் லாக்கைப் பிடித்தபடி முதல் கார்டுக்கு ரீடைரக்ட் செய்கிறது. இரண்டும் அப்படியே நின்றுவிடும். இரு பக்கமும் போக்குவரத்து உள்ள ரூட்டரில் இது நடந்தே தீரும். ஒரே கார்டுக்குள் ரீடைரக்ட் செய்தால் இன்னொரு கோர்கூட வேண்டாம், தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்.

படி 4: மூட்டையாகக் கட்டி அனுப்புங்கள்

திருப்பி அனுப்ப வேண்டிய ஃபிரேம்களை உடனுக்குடன் ரிங்கில் போடாமல் ஒரு சின்ன அர்ரேயில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினாறு சேர்ந்ததும், அல்லது நாப்பி சுற்று முடிந்ததும், லாக்கை எடுத்து மொத்தமாக எழுதுங்கள். கெர்னலின் ரீடைரக்ட் பாதையும் பதினாறு பதினாறாகத்தான் கொண்டுவருகிறது. லாக் பிடித்திருக்கும் நேரத்தில் டிஸ்கிரிப்டர் (ரிங்கின் ஒரு பதிவு) எழுதும் வேலை மட்டும் இருக்கட்டும், டிஎம்ஏ மேப்பிங்கை (கார்டு நேரே மெமரியைப் படிக்க வழிசெய்வது) முன்பே முடித்துவிடுங்கள்.

டோர்பெல் எனப்படும் டெயில் ரெஜிஸ்டர் எழுத்து, சாதாரண மெமரி எழுத்தைவிட மிகவும் விலை உயர்ந்தது. மூட்டைக்கு ஒன்று போதும். ரீடைரக்ட்டில் ஃபிளஷ் கொடி வந்தால்தான் அடியுங்கள். அதற்கு முன் ரைட் பேரியர் (முந்தைய எழுத்துகள் முடிந்த பிறகே அடுத்தது என்று உறுதிசெய்வது) இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி எழுதிய டிஸ்கிரிப்டரைக் கார்டு படித்துவிடும். எக்ஸ்86-ல் பெரும்பாலும் தப்பித்துவிடும் இந்தப் பிழை, ஆர்ம் போர்டில் ஏற்றியதும் வெளியே வரும்.

இன்னொன்று: டோர்பெல்லும் லாக்குக்குள்ளேயே நடக்க வேண்டும். வெளியே வைத்தால் இரண்டு கோர்கள் வரிசை மாறி எழுதி, டெயில் பின்னோக்கிப் போகும்.

படி 5: இடம், நிறுத்தம், எழுப்பம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்டாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. ரிங்கில் இடம் குறைந்ததும் டிரைவர் கியூவை நிறுத்தும், இடம் வந்ததும் எழுப்பும். கியூ விழித்திருக்கிறது என்றால் அடுத்த பேக்கெட்டுக்கு நிச்சயம் இடம் உண்டு என்பது ஸ்டாக்கின் நம்பிக்கை. எஸ்கேபி ஒன்றில் வழக்கமாக 17 துண்டுகள்வரை இருக்கலாம், அதனால் நிறுத்தும் எல்லை இருபது டிஸ்கிரிப்டர் அளவில் இருக்கும். எக்ஸ்டிபிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. காத்திருக்க அதற்குக் கியூடிஸ்க் (ஸ்டாக்கின் காத்திருப்பு வரிசை) இல்லை. இடம் இருந்தால் போடும், இல்லையென்றால் பேக்கெட்டைக் கொட்டும்.

எக்ஸ்டிபி கடைசி டிஸ்கிரிப்டர்வரை நிரப்பிவிட்டால், விழித்திருக்கும் கியூவுக்கு ஸ்டாக் பேக்கெட்டோடு வந்து, ரிங் நிறைந்திருப்பதைப் பார்க்கும். இதைத் தடுக்க எக்ஸ்டிபிக்குத் தனியாக ஒரு எல்லை வையுங்கள். காலி இடம் அந்த எல்லைக்குக் கீழே போனால் எக்ஸ்டிபி ஃபிரேம்களை ஏற்காதீர்கள்.

எல்லையை எங்கே வைப்பது? மூன்று எண்களையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். 256 டிஸ்கிரிப்டர் கொண்ட ரிங் என்று வைத்துக்கொள்வோம். காலி இடம் 20-க்குக் கீழே போனால் ஸ்டாக்கை நிறுத்துகிறோம், 128 ஆனால் எழுப்புகிறோம், எக்ஸ்டிபிக்கு எல்லை 64. பார்க்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஸ்டாக் ஒருமுறை நின்றுவிட்டால் கதை மாறும். காலி இடம் 64-ஐத் தாண்டிய உடனே எக்ஸ்டிபி அதை எடுத்துக்கொள்ளும். வெள்ளம் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் காலி இடம் 64-ஐச் சுற்றியே ஆடும், 128-ஐ எட்டவே எட்டாது. ஸ்டாக் எழவே எழாது.

வெளியிலிருந்து பார்க்கும்போது இது எப்படித் தெரியும் என்பதுதான் விசேஷம். பெருங்குடி லேபில் எங்கள் பையன் ஒருவன், "அண்ணா, பேக்கெட் எல்லாம் பறக்குது, டிராப்பும் இல்லை, ஆனா எஸ்எஸ்ஹெச் மட்டும் செத்துப்போச்சு" என்றான். பார்த்தால் அப்படித்தான் இருந்தது: ஃபார்வர்டிங் முழு வேகத்தில் நடக்கிறது, ஏஆர்பி (ஐபிக்கு உரிய கார்டு முகவரியைக் கேட்பது) பதில் போகவில்லை, ரூட்டிங் புரோட்டோகால் அண்டை ரூட்டரை இழக்கிறது. போர்ட்டு எல்.இ.டி. விடாமல் மின்னிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே விதி: நிறுத்தும் எல்லை சிறியது, எழுப்பும் எல்லை அதைவிடப் பெரியது, எக்ஸ்டிபியின் எல்லை எழுப்பும் எல்லைக்குச் சமம் அல்லது அதற்கு மேல். 20, 48, 64 என்று வைத்தால் மேலே சொன்ன பூட்டு விழாது. கட்டுப்பாட்டுப் பேக்கெட்டுகளுக்கு எப்போதும் இடம் இருக்கும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. டிஎஸ்ஓ (பெரிய பேக்கெட்டைக் கார்டே துண்டாக்கும் வசதி) போட்ட 64 கேபி பேக்கெட் ஒன்று ஸ்டாக்கிலிருந்து இறங்கினால், 1 கிகாபிட் கம்பியில் அது வெளியேற அரை மில்லிநொடிக்கு மேல் ஆகும். சந்துக்குள் தண்ணி லாரி புகுந்துவிட்டால் பின்னால் வரும் டூவீலர் எல்லாம் நிற்க வேண்டியதுதான், எக்ஸ்டிபி பேக்கெட்டின் நிலைமையும் அதுதான். தாமதம் முக்கியமான இடங்களில் அந்தப் போர்ட்டில் டிஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள், அல்லது ஸ்டாக்கை எக்ஸ்பிஎஸ் மூலம் வேறு கியூவுக்கு அனுப்புங்கள்.

படி 6: வாட்ச்டாக்

நிறுத்தப்பட்ட கியூ, கடைசியாக அனுப்பிய நேரத்திலிருந்து வழக்கமாக 5 நொடி தாண்டியும் நின்றபடியே இருந்தால் கெர்னலின் வாட்ச்டாக் கார்டை ரீசெட் செய்யச் சொல்லும். அந்த நேர முத்திரையை ஸ்டாக் பாதைதான் புதுப்பிக்கிறது. எக்ஸ்டிபி தானாகப் புதுப்பிக்காது. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கியூவை வாட்ச்டாக் செத்ததாக நினைத்து ரீசெட் செய்துவிடலாம்.

ஐஜிபியும் ஐஜிசியும் எக்ஸ்டிபி பாதையிலும் முத்திரையைப் புதுப்பிக்கின்றன. மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதும் உதவி ஃபங்ஷன் ஒன்று கெர்னலில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். வீணாக கேச் லைனை அழுக்காக்காது. என் அபிப்பிராயம், ஃபிரேம் வெற்றிகரமாக ரிங்கில் ஏறிய பிறகுதான் முத்திரை குத்த வேண்டும். முயற்சிக்கே குத்தினால், ஹார்டுவேர் உண்மையிலேயே தொங்கிப்போன நாளில் வந்துகொண்டே இருக்கும் பேக்கெட்டுகள் அதை மறைத்துவிடும்.

படி 7: ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் அடையாளம்

ரிங்கின் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள சாஃப்ட்வேர் குறிப்பில் ஒரு வகைப் புலம் வையுங்கள்: எஸ்கேபி, திருப்பி அனுப்பிய எக்ஸ்டிபி, ரீடைரக்ட்டில் வந்த எக்ஸ்டிபி. மார்வெல் சிப்புகளுக்கான எம்விநெட்டா டிரைவர் இந்த மூன்றையும் இப்படித்தான் பிரிக்கிறது. ரீடைரக்ட்டில் வந்ததற்கு மேப்பிங்கைக் கழற்ற வேண்டும். திருப்பி அனுப்பியது நம் பேஜ் பூலிலிருந்தே (மெமரிப் பேஜ்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கிடங்கு) வந்ததால் மேப்பிங் ஏற்கெனவே இருக்கும், சிங்க் (கோரும் கார்டும் ஒரே தரவைப் பார்க்கச் செய்வது) மட்டும் போதும். எஸ்கேபிக்கு அதன் சொந்த விடுவிப்பு வழி.

பைட் கணக்கும் இதே அடையாளத்தை நம்பித்தான் இருக்கிறது. பிகியூஎல், 2012-ல் லினக்ஸ் 3.3-ல் வந்தது, எத்தனை பைட் ரிங்கில் போட்டோம், எத்தனை வெளியேறியது என்று கணக்கு வைக்கும். எக்ஸ்டிபி ஃபிரேமைப் போடும்போது கணக்கில் எழுதாமல், முடியும்போது மட்டும் எழுதினால், போட்டதைவிட வெளியேறியது அதிகம் என்றாகும். இந்த இடத்தில் கெர்னல் எச்சரித்துவிட்டு நகராது, அங்கேயே பக் (BUG) என்று நின்றுவிடும். எஸ்கேபி வகையை மட்டும் எண்ணுங்கள், இரு பக்கமும்.

படி 8: முடிந்தவற்றைத் துடைப்பது

அனுப்புபவர்கள் தங்களுக்குள் லாக் போட்டுக்கொண்டால், துடைக்கும் நாப்பி தனியாக ஓடலாம். ஒருவர் தலையை நகர்த்துகிறார், மற்றவர் வாலை. ஆனால் இடம் குறைந்தால் அனுப்பும் பாதையே துடைக்கட்டும் என்று வைத்தால், அந்தத் துடைப்பும் லாக்குக்குள் வர வேண்டும்.

இங்கே இரண்டு கண்ணிவெடிகள். பேஜ் பூலில் லாக் இல்லாத ஒரு சின்ன கேச் உண்டு. அது ஒரே நாப்பிக்குச் சொந்தமானது. நாப்பிக்குள்ளிருந்து நேரடியாகத் திருப்பித் தரும் வேகமான வழி அந்த கேச்சில்தான் பேஜை வைக்கும். தனிக் கியூவில் அது சரி. பகிர்ந்த கியூவில் கோர் 5 போட்ட ஃபிரேமைக் கோர் 1-ன் நாப்பி துடைக்கும். அங்கிருந்து வேகமான வழியைக் கூப்பிட்டால் இரண்டு கோர்கள் ஒரே கேச்சில் லாக் இல்லாமல் எழுதும். ஒரே பேஜ் இருவருக்குக் கிடைக்கும், பேக்கெட்டின் உள்ளடக்கம் கெடும், காரணம் இங்கே என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. சந்தேகம் இருந்தால் பொதுவான, மெதுவான வழியையே எடுங்கள். மூட்டையாகத் திருப்பித் தரும் வழியும் இருக்கிறது, இழந்த வேகத்தில் பெரும்பங்கை அது மீட்டுத்தரும்.

இரண்டாவது, பட்ஜெட் (ஒரு சுற்றில் கையாளலாம் என்ற பேக்கெட் எண்ணிக்கை) பூஜ்யம். நெட்போல் (இன்டரப்டை நம்பாமல் கார்டை ஓட்டும் கெர்னல் வழி) உங்கள் நாப்பியைப் பூஜ்ய பட்ஜெட்டோடு கூப்பிடும். அப்போது இன்டரப்ட் சூழலாக இருக்கலாம், எக்ஸ்டிபியையும் பேஜ் பூலையும் தொடவே கூடாது. எஸ்கேபியைத் துடைக்கலாம். பகிர்ந்த ரிங்கில் இரண்டும் கலந்து கிடக்குமே? என்எக்ஸ்பியின் எஃப்இசி டிரைவர் செய்வது நல்ல தீர்வு: பட்ஜெட் பூஜ்யமாக இருக்கும்போது எக்ஸ்டிபி ஃபிரேம் எதிர்ப்பட்டால் துடைப்பதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. மிச்சத்தை அடுத்த சாதாரணச் சுற்று பார்த்துக்கொள்ளும்.

படி 9: மூடும்போது

இன்டர்ஃபேஸை இறக்கும்போதும், ரிங் அளவை மாற்றும்போதும், உங்கள் நாப்பியை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அடுத்த கார்டின் நாப்பி இன்னும் ரீடைரக்ட் செய்துகொண்டிருக்கும். முதலில் கார்டு இறங்குகிறது என்று ஒரு பிட்டை வையுங்கள், அனுப்பும் பாதை அதைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். பிறகு ஆர்சியூ ஒத்திசைவுக்குக் (ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியேறுவது) காத்திருங்கள். அதன் பின்பே ரிங்கை விடுவியுங்கள். ரிங்கில் மிச்சம் கிடக்கும் ஃபிரேம்களைத் திருப்பித் தராமல் விட்டால் அடுத்த கார்டின் பேஜ் பூல் மூட முடியாமல் தவிக்கும், நிமிடத்துக்கு ஒருமுறை கெர்னல் பதிவேட்டில் புலம்பும். அந்தப் புலம்பல் வந்தால் அந்தக் கார்டின் டிரைவரைத் திட்டாதீர்கள், பேஜை வைத்திருப்பது உங்கள் ரிங்காக இருக்கலாம்.

படி 10: சோதனை

லாக்டெப், கேசான், டிஎம்ஏ டீபக் (முறையே லாக், மெமரி, டிஎம்ஏ பிழைகளைப் பிடிப்பவை) மூன்றையும் போட்ட கெர்னலில் முதலில் ஓட்டுங்கள். வேகம் போகும், பரவாயில்லை, அது வேறு சுற்று. பிறகு இரு போர்ட்டுகளுக்கும் பேக்கெட்ஜென் (சோதனைப் பேக்கெட்டுகளை உருவாக்கும் கருவி) கொண்டு எதிரெதிராக ரீடைரக்ட் வெள்ளம் விடுங்கள். அது ஓடும்போதே ஐபெர்ஃபில் (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி) டிசிபி ஒன்று, பக்கத்திலேயே பிங் ஒன்று. அந்தப் பிங் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் படி 5-க்கான தேர்வு. அதே வெள்ளத்தில் இன்டர்ஃபேஸை ஏற்றி இறக்கி, ரிங் அளவை மாற்றி, எக்ஸ்டிபி நிரலைக் கழற்றி மாட்டி, ராத்திரி முழுக்க ஸ்கிரிப்டில் விட்டுவிடுங்கள். ரீடைரக்ட் டிரேஸ்பாயின்ட் (கெர்னலுக்குள் உள்ள கண்காணிப்புப் புள்ளி) எத்தனை ஃபிரேம் போனது, எத்தனை கொட்டியது என்று மூட்டைக்கு மூட்டை சொல்லும். உங்கள் டிரைவரின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணிகளையும் லாக்குக்குள்ளேயே கூட்டுங்கள், ஒரே ரிங்கின் எண்ணியை இரு கோர்கள் கூட்டினால் கணக்கு தொலையும்.

கோர்களைக் கூட்டிக்கொண்டே அளந்து பாருங்கள். ஒன்று, இரண்டு, நான்குவரை ஏறும் கோடு ஐந்தாவது கோரில் படுத்துவிட்டால், பெர்ஃபில் (நேரம் எங்கே போகிறது என்று காட்டும் கருவி) ஸ்பின்லாக் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். பதில் பெரும்பாலும் படி 2-ல் இருக்கும்.

சென்னையில் அளப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. கத்திரி வெயிலில், ஏசி நிறுத்திய அறையில், மின்விசிறி இல்லாத பெட்டி சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானம் எடுத்த எண்ணையும் காலை எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு, என் பேட்ச்தான் கெடுத்துவிட்டது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டர்போவை அணைத்து, சிபியு அதிர்வெண்ணை ஒரே அளவில் பூட்டி, வெப்பநிலையையும் எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். பழைய கெர்னலையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதை ஆரம்பிக்க வேண்டாம்.